டபுள் எட்ஜ் பிளேடு எத்தனை ஷேவ் தாங்கும்? கண்ணால் கண்டதைச் சொல்லுங்க

முகவாய்க்கட்டை:

சித்தப்பாவோட ஷேவிங் செட்டைக் கழட்டிக் கழுவுறப்ப கண்ணுல பட்டது. பிளேடு நடுவுல இருக்கிற நீளத் துளையைச் சுத்திப் பழுப்பா துரு. ஒரு விளிம்பு முழுக்க சோப்பும் உப்பும் காய்ஞ்சு வெள்ளைப் பொருக்கு. அடுத்த விளிம்பு பளபளன்னு புதுசு. "மாசம் ஒண்ணாச்சு, இன்னும் சூப்பரா வெட்டுது"ங்கிறார் மனுஷன்.

கணக்குப் போட்டா அதுல அதிசயம் ஒண்ணுமில்ல. புதன், ஞாயிறு ரெண்டு நாள்தான் ஷேவ். மீசை இருக்கு, குறுந்தாடி இருக்கு. பிளேடு படுறது கன்னமும் கழுத்தும் மட்டும். மாசத்துக்கு எட்டு ஒன்பது ஷேவ், அதுவும் அரை முகம். முழு முகம் மழிக்கிறவர் கணக்குல நாலு, நாலரை. தினமும் மழிக்கிற ஆளுக்கு அதே பிளேடு திங்கள்ல ஆரம்பிச்சு வெள்ளிக்கெல்லாம் மொக்கை. அதனால எத்தனை நாள்னு எழுதாதீங்க, எத்தனை ஷேவ்னு எழுதுங்க. எந்த பிளேடு, எப்ப கைவிட்டுச்சு, எப்படித் தெரிஞ்சுது, அதைப் போடுங்க.

கத்திக்கடை:

சலூன்ல இந்தப் பேச்சே இல்ல தம்பி. முழு பிளேடை ரெண்டா ஒடிச்சா ரெண்டு பேருக்கு. ஆளுக்குப் பாதி, முடிஞ்சதும் டப்பாவுல. அது கூருக்காக இல்ல. ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்துல போற சமாச்சாரம். ஒருத்தர் தோல்ல பட்ட பிளேடு இன்னொருத்தர் தோல்ல படக்கூடாது.

மனசை விட்டுப் போகாதது ஒண்ணு. தொழிலுக்குப் புதுசா வந்த பையன் பேப்பரை உரிச்சுட்டு வெறும் பிளேடை ஒடிச்சான். நடுவுல ஒடியாம ஓரத்துல ஒடிஞ்சு, ஒரு சில்லு தெறிச்சுப் போய் எதிர் கண்ணாடியில 'டிங்'குன்னு அடிச்சுது. நாற்காலியில கஸ்டமர் உட்கார்ந்திருக்கார், கண்ணைத் திறந்துக்கிட்டு.

பேப்பரோடவே ஒடிக்கணும். குட்டைப் பக்கம் ரெண்டையும் ரெண்டு கை கட்டைவிரல், ஆள்காட்டி விரலால பிடிச்சு, ரெண்டு கூர்விளிம்பும் ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி நீளவாக்குல மடக்கினா நடுத்துளை வழியா 'டக்'குனு ரெண்டாயிடும். அப்புறம்தான் பேப்பரைப் பிரிக்கணும். வீட்டுல பாதி பிளேடு மாட்டுற சவரக்கத்தி வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான்.

கேள்விக்கு வர்றேன். ஒரு வாரத் தாடியோட வர்றவருக்கு முதல்ல மிஷின் போட்டுக் குறைச்சுட்டுத்தான் கத்தியை எடுக்கணும். அப்படியே இறக்கினா முடி விளிம்புல அடைச்சுக்கும், பாதி முகத்துலயே பிளேடு இழுக்க ஆரம்பிச்சுடும். எங்க இழுக்கும்னா, கீழுதட்டுக்கு அடியில இருக்கிற குழி, அப்புறம் முகவாய் முனை. கன்னத்துல எந்த மொக்கை பிளேடும் நல்லாத்தான் போகும். அதனால கன்னத்தை வெச்சு பிளேடை மதிப்பு போடாதீங்க. மொட்டைக்கு இது வேற கணக்கு: தலைமுடி தாடியை விட மெலிசு, ஆனா பரப்பு பெருசு. வீட்டுல தலை மழிக்கிறவங்க ரெண்டாவது தடவைக்கு மேல அதே பிளேடை வெச்சுக்க வேணாம்.

மூணுபார்ட்:

@முகவாய்க்கட்டை, சித்தப்பாவை விடுங்க, அவர் ரேசரைப் பாருங்க. ஒரு விளிம்பு மட்டும் உழைச்சிருக்குன்னா ரெண்டு காரணம்தான். அவர் ரேசரைத் திருப்புறதே இல்ல. இல்லன்னா பிளேடு கோணலா உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் முகத்துல படுது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் "இப்ப வர்ற பிளேடெல்லாம் குப்பை, ரெண்டு ஷேவ் தாங்கல"ன்னு பிராண்டு மேல பிராண்டா மாத்திக்கிட்டு இருந்தார். ரேசரை வாங்கி டியூப் லைட் வெளிச்சத்துல நேரா பிடிச்சுப் பார்த்தா, இடப்பக்கம் பிளேடு துருத்திக்கிட்டு நிக்குது, வலப்பக்கம் மூடிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. துருத்தின பக்கம் தோலைக் கீறுது, ஒளிஞ்ச பக்கம் முடியை விட்டுட்டுப் போகுது. பிளேடு மேல பழி.

மாட்டுற முறை இது, மூணு துண்டா கழலுற ரேசருக்கு. மேல்மூடியை மல்லாக்க வெச்சு, அதுல இருக்கிற குமிழ்கள்ல பிளேடைக் கோர்த்து வைங்க. அதுக்கு மேல அடித்தட்டு. கைப்பிடியை முறுக்கி, பிளேடு அசையாத அளவுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. இப்ப பிளேடோட குட்டைப் பக்கம் ரெண்டையும் விரலால பிடிச்சு லேசா நகர்த்தி, ரெண்டு விளிம்பும் ஒரே அளவு வெளிய தெரியுதான்னு பாருங்க. சரியா இருந்தா அப்படியே பிடிச்சுக்கிட்டு இன்னும் கால் சுத்து. அவ்ளோதான். அதுக்கு மேல பலத்தைக் காட்டுனா மரை போயிடும். விலை குறைஞ்ச ரேசர்ல பாதிக்கு மேல துத்தநாகக் கலவை வார்ப்பு.

குமிழுக்கு அடியில சோப்பு காய்ஞ்சு கட்டியிருந்தாலும் பிளேடு கோணலாத்தான் உட்காரும். பிளேடு மாத்துறப்பல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால ஒரு தேய். பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு கதவு திறக்கிற ரேசர்னா கீல்ல தேய்க்கணும், அழுக்கு சேர்ற இடம் அதான்.

இன்னொண்ணு. நிறைய பிளேடுல மூலைக்கு ஒண்ணா 1, 2, 3, 4ன்னு எண் அச்சடிச்சிருக்கும். கழட்டி மாட்டுறவங்க எந்த விளிம்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கணக்கு வெச்சுக்க அது வசதி. ஆனா தினமும் கழட்டணும்னு அவசியமில்ல. அம்பது பைசா அளவு இடம் மழிச்சதும் ரேசரைத் திருப்பிப் பிடிச்சா ரெண்டு விளிம்பும் சமமா தேஞ்சுட்டுப் போகும்.

முகவாய்க்கட்டை:

கேட்டாச்சு. திருப்புறதே இல்லையாம். "அந்தப் பக்கம் ஸ்பேர்"ங்கிறார்.

உலோகம்படித்தவன்:

மேலே "சமமா தேஞ்சுட்டுப் போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேய்வதல்ல பிரச்சினை. பிளேடு சவரத்தில் தேய்ந்து மழுங்குவதை விட, விளிம்பு பொடிப்பொடியாக உடைந்து போவதே அதிகம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரோசியோலி, தாஸன் உள்ளிட்டோர் இதை ஆராய்ந்து 2020இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். சவரம் செய்த பிளேடை ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகு முடியை விட ஏறத்தாழ 50 மடங்கு கடினம். அப்படியிருந்தும் விளிம்பில் சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி ஆடாமல் நின்று பிளேடு அதைச் செங்குத்தாக வெட்டினால் சில்லு பெயர்வதில்லை. முடி வளைந்து கொடுத்து, பிளேடு சாய்வாக அதன்மேல் ஏறும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் முடியின் ஓரம் வந்து அழுத்தினால் அங்கே விரிசல் விட்டு உடைகிறது. ஒரு சில்லு போன இடத்தின் ஓரம் அடுத்த சில்லுக்கு வழி விடுகிறது. அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னிக்குத் திடீர்னு இழுக்குது" என்று ஆட்கள் சொல்வது.

பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். தாடியின் ஒரு மயிரும் கிட்டத்தட்ட அதே கனம்தான்! கைபேசியில் மாட்டும் மலிவான மேக்ரோ லென்ஸ் இருந்தால் பயன்படுத்திய பிளேடை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். புதிய விளிம்பு ஒளியைத் திருப்பாது, கருங்கோடாகத் தெரியும். உடைந்த இடங்கள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். ஒரு நண்பரின் பிளேடில் அப்படி மின்னிய புள்ளிகள் எல்லாம் விளிம்பின் ஒரு மூலையிலேயே குவிந்திருந்தன. அவர் மீசை ஓரத்தைச் செதுக்க எப்போதும் அந்த மூலையைத்தான் பயன்படுத்துவாராம்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: முடி வளையக் கூடாது. நீளமான முடி அதிகம் வளையும், ஆகவே நாள் கடத்தாமல் மழிப்பது பிளேடுக்கு நல்லது. தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தால் முடி நிமிர்ந்து நிற்கும். ஊறிய முடி குறைந்த விசையிலேயே அறுபடும். ரேசரை அழுத்த வேண்டாம்; அதன் எடை போதும். பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பார்கள். டிகிரியை எல்லாம் அளக்க முடியாது: மேல்மூடியைக் கன்னத்தில் ஒட்டி வைத்து, கைப்பிடியை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் பிளேடு முடியைத் தொடும் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

மூணுபார்ட்:

தேயுதுன்னு எழுதினது பேச்சு வழக்குங்க. ரெண்டு பக்கமும் சமமா உடைஞ்சுட்டுப் போகட்டும், திருப்பிப் போடச் சொன்னது அப்பவும் சரிதானே?

பழையபேட்டை:

எல்லாம் சரி. எங்க காலத்துல பிளேடை விரலால அமுக்கிக் கண்ணாடி டம்ளர் உள்பக்கம் பத்து இழுப்பு இழுப்பாங்க, மறுபடி புதுசு. எங்க தெருவில் ஒரு வாத்தியார் ஒரே பிளேடை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். டம்ளருக்குள் பிளேடு போய்வரும் அந்தக் கிறீச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, தூக்கி எறிகிறீர்கள்.

உலோகம்படித்தவன்:

ஐயா, வாத்தியார் செய்தது அவர் பிளேடுக்குச் சரி. அன்றைக்கு இருந்தது கார்பன் எஃகு. அதன் விளிம்பு மடங்கும், வழவழப்பான வளைவில் தேய்த்தால் ஓரளவு நிமிரும். 1962இல் வில்கின்சன் சோர்ட் நிறுவனம் மேற்பூச்சு கொடுத்த ஸ்டெயின்லெஸ் பிளேடைப் பரவலாக இறக்கியது, அடுத்த ஆண்டே ஜில்லெட்டும் ஸ்டெயின்லெஸுக்கு வந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான்: சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு, அதன் மேல் குரோமியம் அல்லது பிளாட்டினம் படலம், அதற்கும் மேல் டெஃப்லான் பூச்சு. டம்ளரில் தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு. பூச்சு போன பிளேடு கூராக இருந்தாலும் முடிக்குள் வழுக்கிக்கொண்டு போகாது, பிடுங்கும். பெயர்ந்த சில்லை எந்த டம்ளரும் ஒட்ட வைக்காது. பாகிஸ்தானின் ட்ரீட் நிறுவனத்தின் கருப்பு பிளேடு போலக் கார்பன் எஃகு கையில் கிடைத்தால் தாராளமாகத் தேய்த்துப் பாருங்கள். ஆனால் அதைத் துடைக்காமல் வைத்தால் மறுநாளே துருவேறும்.

போர்த்தண்ணி:

யாரும் தண்ணியைப் பத்திப் பேசல. தூத்துக்குடிப் பக்கம் ஒரு மேன்ஷன்ல பார்த்தது: பொதுக் குளியலறை ஜன்னல் திட்டுல நாலு ரேசர், நாலும் தலை கீழா ஈரச் சோப்புத் தண்ணி நிக்கிற மக்குக்குள்ள. ஒரு பிளேடை எடுத்து வெள்ளைத் துணியில ஒத்தினா துணியில ரெண்டு பழுப்புக் கோடு! ஸ்டெயின்லெஸ்தான், ஆனா உப்புத் தண்ணியிலயே ஊறிக்கிடந்தா அதுக்கும் அரிப்பு வரும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவ்வளவு மெல்லிய விளிம்புல வேலையைக் காட்டிடும்.

அதனால ஷேவ் முடிஞ்சதும் கைப்பிடியை அரைச் சுத்து தளர்த்தி, ஓடுற தண்ணியில ரெண்டு பக்கமும் காட்டுங்க. உள்ள இருக்கிற முடியும் நுரையும் வந்துடும். மறுபடி முறுக்கி, நாலு உதறு. துண்டால விளிம்பைத் துடைக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, நூல் மாட்டி விளிம்பும் போகும், துண்டும் போகும். முடிஞ்சா மெடிக்கல்ல கிடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு முக்கு. தண்ணியைத் தள்ளிட்டு அதுவும் ஆவியாயிடும். அப்புறம் குளியலறைக்கு வெளிய, காத்துப் படுற இடத்துல நிமிர்த்தி வைங்க.

அடுத்தது நுரை. கடின நீர்ல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத திட்டா மாறிடும், நுரை நிக்காது. நுரை இல்லாத இடத்துல பிளேடு வறட்டு முடியை அறுக்குது. போர் தண்ணி உப்பா இருந்தா அதை முகம் கழுவ மட்டும் வெச்சுக்கிட்டு, நுரைக்கு ஒரு அரை டம்ளர் கேன் தண்ணி எடுத்துக்குங்க, போதும். பிரஷ்ஷை அதுல ஊற வெச்சு, நல்லா பிழிஞ்சு, சோப்புல அரை நிமிஷம் சுத்துங்க. அப்புறம் முகத்துல சுத்திக்கிட்டே பிரஷ் நுனியை மட்டும் தண்ணியில தொட்டுத் தொட்டு சேர்க்கணும். நுரை கெட்டித் தயிர் மாதிரி பளபளன்னு வரணும். பெரிய பெரிய குமிழ் தெரிஞ்சா தண்ணி கூடிப்போச்சு, பிரஷ் போன கோடு அப்படியே நின்னா தண்ணி பத்தல. இதுக்கே ரெண்டு நிமிஷம் ஆகும். முடி ஊறவும் அந்த ரெண்டு மூணு நிமிஷம்தான் தேவை, ஒரே வேலையில ரெண்டும் முடிஞ்சுது. குளிச்சுட்டு வந்து மழிச்சா இன்னும் நல்லது. டப்பாவை அமுக்கினா வர்ற ஃபோம் போடுறவங்க அதைப் போட்ட உடனே ரேசரை எடுக்காதீங்க, ஊற விடுங்க.

நேரமில்லை:

கேள்வி பிளேடு எத்தனை ஷேவ்னு. இங்க சோப்பு செய்முறை ஓடுது. யாராவது ஒரு நம்பர் சொல்லுங்கப்பா.

கத்திக்கடை:

சொல்றேன். சாதாரணத் தாடி, முழு முகம், முடி வாக்குல ஒரு தடவை, எதிர்ல ஒரு தடவைன்னா மூணுல இருந்து அஞ்சு ஷேவ். கம்பித் தாடின்னா ரெண்டு மூணு. பூனைமுடி மாதிரி இருக்கிறவங்க ஏழு வரைக்கும் ஓட்டலாம். எதிர் ஷேவ் போடாதவங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு கூட வரும்.

நம்பரை விட அறிகுறியைப் பாருங்க. நல்ல பிளேடு முடியை அறுக்குறப்ப காதுக்குக் கேக்குற மாதிரி 'சரசர'ன்னு சத்தம் வரும். மொக்கையானா சத்தம் அமுங்கிடும். உதட்டுக்குக் கீழ ரேசர் ஒரு நொடி நின்னு நின்னு போகும். போன இடத்துலயே திரும்பப் போக வேண்டி வரும். முடிச்சதும் படிகாரக் கல்லைத் தண்ணியில நனைச்சுத் தடவுங்க: அங்கங்க லேசா சுருக்குன்னா ஒண்ணுமில்ல, கழுத்து முழுக்க எரிஞ்சா பிளேடு முடியோட சேர்த்துத் தோலையும் சுரண்டியிருக்கு. அதை மறுபடி முகத்துல வைக்காதீங்க. ரெண்டு மூணு ரூபா பிளேடுக்கு இவ்ளோ யோசிக்க வேணாம்.

முதல்நாள்பிளேடு:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. புது பிளேடு முதல் ஷேவ்ல கடிக்குதுன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய. டெஃப்லான் பூச்சு விளிம்பு நுனியில கொஞ்சம் தூக்கலா இருக்கும், முதல் சில இழுப்புல முடியே அதை ஒதுக்கித் தள்ளிடும். பல பிளேடு ரெண்டாவது ஷேவ்லதான் நல்லா ஓடும். சில பேர் புது பிளேடைத் தக்கையில ஒரு தடவை இழுத்துட்டு மாட்டுறாங்க. செய்யலாம், ஆனா லேசா, ஒரே தடவை.

பேப்பர்ல பிளேடு ஆடாம இருக்க மெழுகுப் புள்ளி வெச்சிருப்பாங்க சில கம்பெனியில. அந்த மெழுகு குமிழுக்கும் பிளேடுக்கும் நடுவுல போனா @மூணுபார்ட் சொன்ன கோணல் வந்துடும். மாட்டுறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில காட்டுங்க.

பிராண்டு சண்டை வேணாம்னாலும் ஒண்ணு: ஜப்பான் ஃபெதர் ரொம்பக் கூர், ஆனா அந்த முதல் கூர் சீக்கிரம் இறங்கிடும், மூணாவதுக்கு மேல நிறைய பேருக்கு ஒத்துவரல. நம்ம ஊர் செவன் ஓ கிளாக், டோபாஸ், சூப்பர்மாக்ஸ் எல்லாம் அவ்வளவு கூர்ல ஆரம்பிக்காது, ஆனா இறக்கமும் மெதுவா இருக்கும். பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல அகலமா வாய் திறந்த ரேசர்ல ஃபெதரைப் போட்டுட்டு "வெட்டுது வெட்டுது"ன்னா பிளேடு என்ன செய்யும்? கூரான பிளேடுக்கு இடைவெளி கம்மியான ரேசர்.

குப்பைவண்டி:

மாத்துங்க மாத்துங்கன்னு சொல்றீங்க. மாத்தின பிளேடு எங்க போகுது?

காலையில வண்டியில குப்பை வாங்க வர்ற அக்கா ஒருத்தங்க கவரை மேல இருந்து அமுக்கினாங்க, ரப்பர் கையுறை உள்ளங்கைல நீளமா பிளந்துச்சு. காகிதத்துல சுத்தின பிளேடு, ஈரக் குப்பையில ஊறிக் காகிதம் கிழிஞ்சு வெளிய வந்திருக்கு. சதையில ஏறாதது அவங்க அதிர்ஷ்டம்.

சில பிளாஸ்டிக் டப்பா பேக்ல பின்பக்கம் பழைய பிளேடு போட ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருக்க மாட்டீங்க. நம்ம ஊர் அட்டைப் பேக்ல அது இல்ல. காலி நெய் டின் ஒண்ணு எடுத்து, மூடியில ஸ்க்ரூ டிரைவரை வெச்சு சுத்தியலால தட்டி ஒரு பிளவு போடுங்க. பிளேடு குறுக்குவாக்குல நுழைய 25 மில்லிமீட்டர் நீளம் போதும், அகலம் ரெண்டு மில்லிமீட்டர். மூடியைச் சுத்தி டேப். ஒரு வீட்டுக்கு வருஷக்கணக்குல நிரம்பாது. அமெரிக்காவுல பழைய வீடுகள்ல குளியலறை அலமாரிக்குப் பின்னாடி ஒரு பிளவு விட்டு சுவருக்குள்ளயே பிளேடைப் போட்டாங்க. இப்ப சுவரை இடிக்கிறவன் தலையில கொட்டுது. நமக்கு அது வேணாம்.

கத்திக்கடை:

பழைய இரும்புக் கடையில வாங்குவாங்களா அதை?

குப்பைவண்டி:

டின்னோட கொடுத்தா வாங்குறாங்க, எல்லாக் கடையும் இல்ல. உள்ள பிளேடுன்னு வாயாலயும் சொல்லணும், டின் மேலயும் மார்க்கர்ல பெருசா எழுதணும். பெட் பாட்டில்ல போட்டுக் கொடுக்காதீங்க, மிதிச்சா பிளேடு வெளிய வந்துடும். சலூன்ல நாள் பூரா பாதி பாதியா சேருமே, உங்களுக்கு அஞ்சு லிட்டர் எண்ணெய் டின்தான் சரி. மூடி திருகுற வாயை அப்படியே விட்டுட்டு, பக்கத்துல பிளவு போட்டுக்குங்க.